எழும்பாமல் தின்ற ஆப்பம்

மகாகனம் பொருந்திய மச்சானுக்கு,

இன்று காலை பதுளைக் கடைவீதியில் நடந்தபோது, ஓரம் கருகும் ஆப்பத்தின் கள்வாசனை என் மூக்கைப் பிடித்து நிறுத்தியது. உன்னைப் புதைத்த பிறகு அந்தப் பக்கம் போனது இதுவே முதல் தடவை. ஆகவே பூமி சாட்சியாகச் சொல்கிறேன்: நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயாவது நம்பு; நீயும் அதில் இருந்தாய்.

உன் மனைவி, என் தங்கை, கொஸ்லந்தவில் எங்கள் அப்பாவின் லயத்து வீட்டில் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இது வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, உன்னைக் கேட்டு அழுகிறாள் என்று மருத்துவச்சி ஆள் அனுப்பினாள். தோட்டத் துரை லீவு மறுத்தார். சொல்லாமல் தேயிலைத் தோட்டத்தை விட்டால் மறியல், சிறைதான் என்று தெரிந்தே கிளம்பினாய். என்னிடம் லீவுச் சீட்டு இருந்தது. உன்னிடம் இருந்தது, முதலாளி வேடத்துக்கு வண்ணாரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு மட்டுமே.

கொஸ்லந்த வண்டி வரும்வரை, ஊரே நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்தக் கடையில் கூரை இருந்த இடத்தைவிட இல்லாத இடம் அதிகம். இரண்டு ஆப்பம், விரல்நுனித் தேங்காய்ச் சம்பல், கருப்பட்டியோடு வெறுந்தேத்தண்ணி: ஏழைகளின் பட்டாபிஷேகம். சம்பலின் உறைப்பில் நமுனுகுல மலையே வியர்த்தது.

அப்போது ஒரு மீசை உள்ளே வந்தது. அது வந்து முடிந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணி வந்தார். உன் முகம் அறியாதவர். ஆனால் உன்னைத் தேடி வந்தவர்.

"நானா, கொஸ்லந்தைக்கு ஓடுற பய ஒருத்தன் இங்கிட்டு வந்தானா?"

"ஓடுறவன் என் கடையில உக்காந்து ஆப்பமா திம்பான், கங்காணியாரே?"

பெஞ்சில் இருந்த தோட்டத்து ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழும்பினார்கள். கங்காணி வந்தால் எழும்புவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. லயத்துப் பிள்ளை நடக்கப் பழகுமுன் அதைப் பழகிவிடும். நீயும் எழும்பத் தொடங்கினாய். கோட்டுப் போட்ட முதலாளி கங்காணிக்கு எழும்பினால், கோட்டுக்குள் இருப்பது யார் என்று வண்டி மாட்டுக்கும் தெரிந்துவிடும்.

எழும்பும் சாக்கில் உன் தோளில் கையை ஊன்றினேன். அன்றைக்கு என் பாரம் ஏழு யானைப் பாரம்.

"மன்னிச்சுக்கங்க மொதலாளி, முழங்கால் பிடிச்சிக்கிச்சு."

கங்காணி உன்னையே பார்த்தார். உன் கையிலிருந்த ஆப்பம் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஈ பறந்தது இடியாகக் கேட்டது.

"மொதலாளி எந்தப் பக்கம்?"

நீ நிதானமாக மென்று விழுங்கினாய். "பசறைப் பக்கம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க கங்காணி, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

பசறை வேறு திசை; அவர் நம்பித் தள்ளி நின்றார். மீசைக்கு இடம் போதாமல் அது தெருவில் போய் நின்றது.

அவர் போன பிறகு வண்டி வந்தது, ஏறினாய். மருத்துவச்சி பிள்ளையைத் திருப்பி எடுத்தபோது தங்கை உன் கையைத்தான் பிடித்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் மீசை வளர்ந்தது. நீ பக்கத்தில் இருந்து சிரிப்பாய், மறுக்க மாட்டாய்.

இப்போது ஒப்புக்கொள்கிறேன். மீசை பொய். மலை வியர்த்ததும் பொய். நீ வாயே திறக்கவில்லை; பசறை என்று பதில் சொன்னவர் கடைக்காரர். ஆனால் உன் தோள் மெய். என் கைக்குக் கீழே அது எழும்பப் பார்த்தது. நான் அழுத்தவே இல்லை, மச்சான், கையை வைத்ததோடு சரி. பல்லைக் கடித்து உன்னை உட்காரவைத்தது நீதான். அந்தத் தோள் எழும்பாமல் அடங்கியது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.