மஞ்சள் பட்டையும் தொதல் பொட்டலமும்

1971 ஜூலை 6, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டுகிறது.

உறுதியான செய்தி: காசிமின் மஞ்சள் பட்டையைக் கழற்றிவிட்டார்கள். சொன்னவர் ஜெயிலின் தலைமை வார்டர், மலையாளி. பம்பாய்ப் பத்திரிகைக்காக நேரில் கேட்டேன்.

துபாயில் வெள்ளைக்காரர் நடத்தும் ஜெயில். நீண்ட தண்டனைக் கைதி ஒழுங்காக இருந்தால் சட்டைக் கையில் மஞ்சள் பட்டை. கோடையில் முற்றத்தில் படுக்கலாம். பீடி உண்டு. காவலோடு போய் உறவினரைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், தண்டனைக் குறைப்பு. காசிம் கீழக்கரைக்காரர், கைகலப்பில் கூட்டாளி செத்த வழக்கு. பட்டை இருந்தால் இந்த வருடமே விடுதலை. வருடக் கடைசியில் வெள்ளைக்காரர் கிளம்புகிறார்கள். பிறகு இந்தக் குறைப்பு செல்லுமா? யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பர் துபாயில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பினார். வாசலில் சோதனை. மடியில் தொதல் பொட்டலம், கீழக்கரைத் தேங்காய்ப்பால் மிட்டாய். வெளியிலிருந்து எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

7, புதன்

மண்ணெண்ணெய், ரேடியோ பாட்டரி வாங்கணும்.

தங்கை ஆமினா வீடு, கடைக்கு மேல் மாடி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"வீட்டுக்கு வந்த கூடப்பொறந்த காக்காவ வெறுங்கையோடயா அனுப்புவாங்க? நீங்களே சொல்லுங்க."

அவள் கணவர்: "ஜெயிலுக்குச் சீர் அனுப்புன மொத ஆளு இவதான், சார்."

"நூல் போட்டுக் கட்டுனது யாரு? நீங்கதானே!"



புதிய தகவல்: கூட வந்த பலூச்சிக் காவலருக்கும் ஒரு பொட்டலம். "அவரு பாக்கத்தான் காக்கா கையில குடுத்தேன். ஒளிக்கல." கணவரும் தனியாக அதையே சொன்னார்.

8, வியாழன்

மணல் காற்று. பல்லெல்லாம் மணல்.

தலைமை வார்டரிடம் மறுபடி. காவலர் பார்த்து அனுமதித்தது என்றால் எச்சரிக்கையோடு போகும், பட்டை திரும்பும். மறைத்துக் கொண்டுவந்தது என்றால் குறைப்பு முழுக்கப் போகும். காவலரைச் சோதிக்கும் வழக்கமில்லையாம்.

டீக்கடையில் காவலரைப் பிடித்தேன். இந்தியில் பேசினோம்.

"பார்த்தீர்களா, பாய்?"

"பார்த்தேன்."

"உங்கள் பொட்டலம்?"

"பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். நல்ல மிட்டாய்." சிரித்தார், உடனே நிறுத்தினார். "நான் வாங்கியது தெரிந்தால் என் டியூட்டி கலாஸ், வேலை போய்விடும்."

"சொல்லாவிட்டால் காசிம்?"

"அவன் என்னை மாட்டிவிடவில்லை, பாய். அதுதான் தூக்கம் வரவில்லை."

டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

பம்பாய்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பவில்லை. எழுதினால் காசிம், காவலர் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வார்கள்.

விசாரணை சனிக்கிழமை காலை, வெள்ளைக்கார அதிகாரி முன். காவலரை அழைத்திருக்கிறார்கள். போவேன் என்றார். என்ன சொல்வார் என்பதைச் சொல்லவில்லை.