கைக்கு எட்டிய வரை

மாசி 14, ஞாயிறு

அம்மா போன பிறகு இந்தப் பழைய வீட்டை நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறேன். இன்று வெள்ளையடிக்க உதவுவதற்காகக் கச்சிராயபாளையத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் முதல் பஸ்ஸில் வந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

என் அறையில் பாதி வேலை நடக்கும்போது அண்ணி, "எம்புள்ள கல்யாணம் பண்ணிக்கினு இங்க வந்துட்டா இந்த ரூமு சரியா இருக்கும்" என்றாள்.

"அப்போ நான் எங்கண்ணே படுக்கிறது?"

அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "நீ ஒருத்திதானம்மா. கூடத்துல ஒரு கட்டில் போட்டா பத்தாதா?"

அம்மாவைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டது நான். "இந்த ரூமுல நான்தாண்ணே படுப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா பேச்சு பேசுற நீ?" என்று பிரஷ்ஷை வாளியில் போட்டார். இருவரும் சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் ஏறப் பயம். கைக்கு எட்டிய வரை நானே அடித்து முடித்தேன். மேலே பழைய பச்சை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தபடி என் அறையில்தான் படுத்திருக்கிறேன்.