மச்சான் போட்ட கட்டு

செப். 6, திங்கள்
மூடாக்கு. புழுக்கம். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினது மாதிரி. பேதி நின்றுவிட்டது. சனிக்கிழமை இந்தக் காலரா கொட்டகையில் கொண்டுவந்து போட்டபோது நாடியே இல்லையாம். டாக்டர் பரவைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். இருந்தது கம்பவுண்டர் இப்ராகிம். என் வீட்டுக்காரி ஆமினாவின் அண்ணன், எனக்கு மச்சான். உப்புத்தண்ணீர் ஏற்ற, குழாய் மாட்டின தடித்த ஊசியை வலது முழங்கை மடிப்பில் குத்தினார். ரத்தம் பீச்சி அடித்தது. "தப்பாயிருச்சே" என்று முனகினார். இறுக்கிக் கட்டிவிட்டு, கணுக்காலில் ஏற்றினார். உயிர் அவர் கொடுத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

செப். 8, புதன்
கஞ்சி. உப்பு இல்லை. தையல் கடையில் பெருநாள் சட்டைத் துணி பதினொன்று, வெட்டாமல். விரல்கள் ஜில்லென்று. சுண்டுவிரலைக் கிள்ளினால் தெரியவில்லை. கத்தரி பிடிக்கிற கை.

மச்சானிடம் சொன்னேன். "கட்ட அவுத்துறாதீங்க மாப்ள. டாக்டர்ட்ட காட்டவும் வேணாம். கால்லதான் ஏத்துனேன்னு எழுதிருக்கேன். தெரிஞ்சா வேல போயிரும். ரெண்டு நாள்ல சூடு வந்துரும்."

பெண் கொடுத்த வீடு. டாக்டர் சுற்றி வந்தபோது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். இம்புட்டு முட்டாள் மதுரையில் வேறு இருக்க மாட்டான்.

செப். 10, வெள்ளி
வெயில். நாலு விரல் கறுத்துவிட்டது. நாற்றம். ஆமினா பொறுக்காமல் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் கட்டை அவிழ்த்தார்.
"இம்புட்டு இறுக்கிக் கட்டுனது யாரு?"

நான் வாய் திறக்குமுன் இப்ராகிம்: "பேரையூர் வைத்தியர்ட்ட பச்சிலை வாங்கி இவரே கட்டிக்கிட்டாருங்க. எம்புட்டோ சொன்னேன், கேக்கல."

பச்சிலையே கிடையாது. ஆமினாவுக்கும் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார் அண்ணன், சரி. இவள்?

மணிக்கட்டோடு எடுக்க வேண்டுமாம். ஞாயிறு காலை.

செப். 11, சனி
தூறல். வலி மணிக்கட்டுக்கு மேல் ஏறுகிறது. "சொல்லிராதீங்க. அண்ணனுக்கு மூணும் பொம்பளப் புள்ளைக" என்றாள் ஆமினா. கை போனால் நாம் என்ன சாப்பிடுவோம் என்று அவள் கேட்கவில்லை.

மத்தியானம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இத புதன்கிழமையே சொல்லிருந்தா விரல காப்பாத்திருக்கலாமேப்பா" என்றார். இப்ராகிம் நாலடி தள்ளி நின்று பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருப்பார். தலை நிமிரவில்லை.

நாளைக்கு மயக்க மருந்து யார் கொடுப்பது என்று கேட்டேன்.
"வேற யாரு இருக்கா? இப்ராகிம்தான்."