காதில் இருந்த பஞ்சு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. முதலில் நல்ல செய்தி: ஜெயித்துவிட்டோம்! உங்கள் மகனின் வேலை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி விமானம் ஓட்டப் போகிறார். உங்கள் பேத்தி சந்தோஷத்தில் குதித்துக் குதித்தே சோபாவின் ஸ்பிரிங்கை உடைத்துவிட்டாள். போகட்டும்.

நீங்கள்தான் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்களே, அதனால் விவரமாக எழுதுகிறேன். விடுமுறைக் காலத்தில் எந்த விமானி உடம்பு சரியில்லை என்றாலும் கம்பெனிக்குச் சந்தேகம்தான். இவர் காதில் சீழ் வைத்து லீவு போட்டபோதும் அப்படித்தான் முனகினார்கள். அந்த நேரம் பார்த்து, பேத்தியின் பிறந்தநாளில் நீங்கள் எடுத்த போட்டோவை, “லீவில் மகன், ஒரே கொண்டாட்டம்” என்று உங்கள் பழைய பஸ் டிரைவர் நண்பர்களுக்கு அனுப்பி வைத்தீர்கள். அது கைமாறிக் கைமாறி மேனேஜரிடமே போய்ச் சேர்ந்தது. காகிதத் தொப்பியும் கேக்குமாகச் சிரிக்கிறவனுக்கு என்ன நோய், பொய் சொல்லியிருக்கிறான் என்று வேலையை விட்டே தூக்கப் பார்த்தார்கள். நம்மால்தானே என்று அன்றிலிருந்து நீங்கள் போனையே எடுப்பதில்லை.

நேற்று விசாரணை. எங்களுக்காக வாதாடிய விமானிகள் சங்கத்து அம்மா பார்க்கத்தான் சாது, வாயைத் திறந்தால் புலி. விமானியின் டாக்டர் சொன்னால் போதும், விடுமுறை நாளுக்கென்று ஒப்பந்தத்தில் தனி விதி கிடையாது, பறக்க முடியாதவன் படுத்தே கிடக்க வேண்டும் என்றும் இல்லை என்று போட்டுத் தாக்கினார். மேனேஜர் மசியவில்லை. போட்டோவைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். அங்கேதான் வசமாக மாட்டினார்! அந்த அம்மா எழுந்து போய், படத்தில் இவருடைய இடது காதைத் தொட்டு, “இது என்ன சார், பஞ்சுதானே?” என்று கேட்டார். மருந்து விட்டு நான் அடைத்த பஞ்சு, மாமா! போட்டோவில் அது தெரிகிறது என்று நம் யார் கண்ணிலும் படவில்லை. இந்தக் காதோடு மேலே போய்ச் செவிப்பறை கிழிந்து தலை சுற்றினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன என்று அந்த அம்மா கேட்டதும், மேனேஜர் அவசர அவசரமாகப் படத்தை அணைத்தார்.

வெளியே வந்ததும் இவர் வாயில் வந்த முதல் வார்த்தை, “அப்பா எடுத்த போட்டோதான் காப்பாத்துச்சு.” உடனே உங்களைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது உண்மை. இப்போது துளியும் இல்லை. அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. உங்களிடம் பேசாமல் அவர் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை, உங்களுக்குத் தெரியாதா? ஞாயிறு காலையும் கூப்பிடுவார். எடுங்கள் மாமா. வேறொன்றும் பேச வேண்டாம். “போயிட்டு வாப்பா” என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன், வணங்கி,
உங்கள் மருமகள்