தம்பி பேரில் எழுதிய நன்கொடை

சங்கரன்கோவில்
18-5-1979

அன்பு மகள் கோமதித்தாய்க்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் தம்பி சங்கரசுப்புவும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம், நாக்பூர் வெயிலில் நீயும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கோமதியம்மன் துணை நிற்க வேண்டும். வழக்கமாக நான் சொல்லச் சொல்லத் தம்பிதான் எழுதுவான், இந்தத் தடவை எழுத்து கோணல் மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அவனிடம் சொல்லி எழுத வைக்கிற சங்கதி இல்லை இது. பருத்திக்கொட்டை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்து இங்கே தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மழை இல்லை, கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர்தான் கிடக்கிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்கிறாள், தீர்ந்துவிடுமாம்.

பள்ளிக்கூடக் கட்டடம் முடிந்துவிட்டது. பழைய கொட்டகை சரிந்த பிறகு இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தது உனக்குத் தெரியும். இரண்டு அறை அரசாங்கம் கட்டும், மீதி இரண்டை ஊர்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்க்கூட்டம் போட்டு, அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரியே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டோம். வண்டி வைத்திருக்கிறவர்கள் கல்லும் மணலும் கொண்டுவந்து இறக்கினார்கள், ஆட்டுக்காரர்கள் வயலில் கிடை போட்ட கூலியை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்கள், குருவிகுளம் வரைக்கும் நம் ஊரைப் பற்றித்தான் பேச்சு. கொடை வரி பிரிக்கிற ஆள் என்பதால் இதையும் என்னையே பிரிக்கச் சொன்னார்கள். நான் கொடை வழக்கத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போனேன். ஆம்பிளை இல்லாத வீட்டில் வரி வாங்குவதில்லை என்பது அம்மனுக்கு உள்ள வழக்கம், பள்ளிக்கூடத்துக்கு அது எதற்கு என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டது.

கோமதி, நீ அனுப்பிய மணியார்டரை நான் தம்பி பேரில் எழுதிவிட்டேன். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு அவர் வேலை பார்த்த ரயில்வேயிலேயே ஒரு வேலை வாங்கி, பிள்ளையையும் வைத்துக்கொண்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பிய பணம். உன் பேரைச் சொன்னால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. கல்வெட்டிலும் சங்கரசுப்பு என்றுதான் வெட்டியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு வருகிறேன், பிள்ளைக்குக் கல்லில் என் பேரைக் காட்ட வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைத் தம்பிதான் வாசித்தான். அந்த வரியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வா என்று விரட்டிவிட்டேன். அதற்குப் பிறகு என் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போன ஞாயிறு கூட்டத்துக்கு நம் மேலத்தெருப் பேச்சித்தாய் வந்தாள், மின்னல் விழுந்து செத்துப்போன துரைப்பாண்டியின் மனைவி. கிடா ஒன்றை விற்ற பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து நீட்டினாள். உனக்கு வரி கிடையாது தாயி, வச்சுக்கோ என்றேன், பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அவள் நகரவில்லை. "அம்மன் கொடைக்குத்தான் எங்கிட்ட வாங்கக் கூடாது, சரி. எம் பிள்ள படிக்க பள்ளிக்கூடத்துக்கும் நான் ஆகாதவளா அண்ணாச்சி? ஒங்க மக கொடுத்தா அதையும் இப்படித்தான் திருப்பி அனுப்புவியளா?" என்று கேட்டாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. "எம் மக ஒண்ணும் அனுப்பலையே" என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சொன்னேன் மகளே. தபால்காரர் உன் மணியார்டரை வயலில் வைத்து என்னிடம் கொடுத்தபோது களை எடுத்த பெண்களில் பேச்சித்தாயும் ஒருத்தி, நான்தான் பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். அவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். பணத்தைத் திரும்ப முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, பொய் சொல்லிவிட்டேன் என்றேன். "தெரியும் அண்ணாச்சி. பெத்த பிள்ளைய இல்லன்னு சொல்லுத மனுசன்ட்ட நான் என்னத்தக் கேக்க" என்றாள். கிடா விற்ற பணத்தைக் கேட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஊர்த்தலைவர் சங்கரபாண்டியனிடமும் உள்ளதைச் சொன்னேன். உம்ம இஷ்டம்போலச் செய்யும், அடுத்த கொடைக்கு வேற ஆள் வரி பிரிக்கட்டும் என்றார். பிரிக்கட்டும். திறப்பு விழா அன்றைக்கு மைக்கில் நானே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், ஆனால் உன்னிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்வது முறையில்லை. கோபப்பட்டு வராமல் இருந்துவிடாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வந்தால் உன் அம்மா சந்தோஷப்படுவாள்.

இப்போது கல்தச்சர் பட்டறையில் இருந்துதான் வருகிறேன். தம்பி பேரை அடித்துவிடலாம், அடியில் ஒரு சாண் இடம் இருக்கிறது, இரண்டு பேர் வெட்டலாம் என்கிறார். பேச்சித்தாய் புருஷன் பேர் சேர்க்க வேண்டாம், தன் பேர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள். உன் பேரோடு மாப்பிள்ளை பேரைச் சேர்ப்பதா, என் பேரைச் சேர்ப்பதா, தனியாகவே இருக்கட்டுமா என்று கல்தச்சர் கேட்டார். அதைச் சொல்ல நான் யார் என்று வந்துவிட்டேன். பிள்ளையை வெயிலில் விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஆசீர்வாதம் சொல்ல இன்றைக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன், நீயும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். ஜூன் முதல் தேதிக்குள் வந்து சேருகிற மாதிரி ஒரு கார்டில் உன் பேரை எப்படி வெட்ட வேண்டுமோ அப்படி உன் கைப்பட எழுதி அனுப்பு. அந்தக் கார்டையே கல்தச்சர் கையில் கொடுத்துவிடுகிறேன், நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

உன் அப்பா
சண்முகையா