மடியில் வைத்த பை

ஜூலை 12, சனி. இரவு.

இன்றும் வேலை முடிந்து இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் றக்வான பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்காருவேன், கிளம்பும்போது இறங்கிவிடுவேன். சிறையிலிருந்து வந்த பிறகு என் ஊர்ப்பயணம் இவ்வளவுதான். "கொஞ்சம் பொறுங்க, லயத்துல எல்லார்கிட்டயும் பேசிட்டுச் சொல்றேன்" என்று மனைவி செல்வி போனில் சொன்னாள். பிறகு அவள் எடுக்கவில்லை. அவள் வரச் சொல்லும்வரை இந்த விடுதிக் கட்டில்தான்.

இன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அண்ணே, இதக் கொஞ்சம் வச்சிக்கிங்க" என்று தன் பையை என் மடியில் வைத்துவிட்டாள். நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வது எங்கும் நடப்பதுதான். ஆனால் நான் திருட்டுக் கேஸில் உள்ளே போனவன். என்னையும் நம்பி வைத்த அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க மனம் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

வளைவுகளில் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தி வந்தது. மேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகள். எங்கள் வாசல் கொடியில் ஒரு பள்ளிக்கூட வெள்ளைக் கவுன் காய்ந்தது. நீளமான கவுன். மகள் அவ்வளவு வளர்ந்துவிட்டாளா?

அடுத்த பஸ் ஹோல்டில் அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு, "நீங்க எந்தத் தோட்டம்ணே?" என்று கேட்டாள். சொன்னேன்.

"ஐயோ, அது பின்னால போயிருச்சே! எறங்கலையா?"

"தூங்கிட்டேங்க" என்றேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. இங்கே இன்னும் விடவில்லை. அந்தக் கவுனை உள்ளே எடுத்திருப்பார்களா?