ரம்பத்துக்கு அடியில் ஒரு வேப்பங்கட்டை

நாளைக்கு ஆயுத பூஜை. எதிர் ஒர்க்‌ஷாப்பில் சந்தனம் கரைக்கிறார்கள். மெஷின் எண்ணெய் வாடையோடு அதுவும் கலந்து சமையலறை வரை வந்துவிட்டது. எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. நீங்கள் இருந்தால், "வாடைக்குமா பயம் அம்மணி?" என்று சிரிப்பீர்கள். ஆமாம், பயம்தான்.

போத்தனூர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அந்த ஹைட்ராலிக் ரம்பத்தை இறக்கினீர்களே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நீங்கள் இரும்பு அறுக்க, நான் அளவு பார்த்து அடுக்குவேன். முதல் நாளே கேட்டேன்: "ஏனுங்க, இத்தனை கனம் மேல நிக்குதே, உழுந்துராதுங்களா?"

சிரித்துவிட்டு, பொறுமையாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். மோட்டார் பெல்ட்டை இழுக்கிறது, பெல்ட் பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரத்தில் மாட்டிய தண்டு ரம்பத்தை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அதே மோட்டார்தான் பம்பையும் ஓட்டி, சிலிண்டருக்குள் எண்ணெயை ஏற்றுகிறது. ரம்பம் பின்னால் வரும்போது எண்ணெய் அதைச் சற்றே தூக்கும். அறுக்கும்போது வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, இரும்பின்மேல் மெல்ல இறங்கவிடும். "மோட்டாரை அணைச்சாலும் வால்வு மூடியிருந்தா எண்ணெய் தாங்கிக்கும் கண்ணு. அதுக்குப் போக எடமில்லீல்ல?" என்றீர்கள். போக இடம் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்றே அன்றிலிருந்து எனக்கு யோசனை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தீர்கள். சிலிண்டரிலிருந்து நீண்டு ரம்பத்தைத் தாங்கும் பளபளப்பான தண்டைப் பார்த்ததும் ஆசை அடங்கவில்லை. "நெத்தியாட்டவே இருக்குது பாரு" என்று சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தீர்கள். மறுநாள் அது காய்ந்துபோயிருந்தது. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்க மனமில்லாமல் அப்படியே மெஷினைப் போட்டீர்கள். காய்ந்த சந்தனம் தண்டோடு உள்ளே போய், எண்ணெயை அடைத்திருந்த ரப்பர் சீலைக் கிழித்துவிட்டது. பிறகு பிரித்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

அன்று அது தெரியாமல் ரம்பத்தைத் தூக்கி நிறுத்தி, மோட்டாரை அணைத்துவிட்டு, இரும்பை நகர்த்தக் கையை உள்ளே விட்டீர்கள். மெஷின்மேல் சிவப்பாக ஏதோ சொட்டியது. ரத்தம் என்றே நினைத்தேன். பார்த்தால், குங்குமம் கரைந்த எண்ணெய். நிமிர்ந்தால், ரம்பம் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"ஐயோ, கையை எடுங்க!"

"எதுக்கு?" என்று திரும்பினீர்களே தவிர, கையை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த வேப்பங்கட்டையை இடையில் செருகினேன். ரம்பத்தின் பற்கள் கட்டையில் பதிந்து நின்றன. உங்கள் முகம் வெளிறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் கட்டை வைக்காமல் நீங்கள் கையை உள்ளே விட்டதே இல்லை. "எங்கூட்டு அம்மணி பயந்தா நல்லதுக்குத்தானுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அதே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. மூச்சு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. எதற்கு அடியில் எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பல் பதிந்த தடத்தோடு. இதோ, எதிர் ஒர்க்‌ஷாப்பில் அதேபோல எண்ணெய் தாங்கும் ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்கு அடியில் ஒருவர் படுத்திருக்கிறார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும், நீங்களும் முதலில் சிரித்தவர்தானே.